குழாய்க்குள் வராத கல்

மண் ஆய்வு வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கட்டடத்தின் அடித்தளத்துக்காகத் துளை போட்டுக்கொண்டிருந்தோம். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பின்வாங்கிய ஒரு பனியாறு விட்டுச்சென்ற மண் அது. ரிக் (துளை போடும் இயந்திரம்) பக்கத்தில் நின்றது நான்தான். நாலாவது மீட்டரில் தண்டு நடுங்கியது, கரகரவென்று அரைக்கும் சத்தம். "கல் தட்டுது" என்றார் டிரில்லர். கொஞ்ச நேரம் போராடி அதைத் தாண்டிக் கீழே போனார். எனக்கு மாதிரி வந்ததா இல்லையா என்பதுதான் கவலை. வந்ததைப் பையில் போட்டு, 'சரளை கலந்த கெட்டிக் களிமண்' என்று எழுதிவைத்தேன். லேபில் சல்லடைச் சோதனை செய்து, எந்த அளவுத் துகள் எவ்வளவு என்று காட்டும் அழகான வளைகோடு ஒன்று கொடுத்தார்கள். அதில் மிகப் பெரிய துகள் 30 மில்லிமீட்டருக்கும் கீழே.

தோண்ட ஆரம்பித்த மூன்றாம் நாள் எக்ஸ்கவேட்டரின் பக்கெட்டில் பீரோ அளவுக்கு ஒரு பாறாங்கல் மாட்டியது. அப்புறம் வரிசையாக. ஒப்பந்ததாரர் எங்கள் அறிக்கையை விரித்துவைத்துக்கொண்டு, "இதில் கல் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். லேப் பொய் சொல்லவில்லை. எஸ்பிடி சோதனையில் (சுத்தியலால் குழாயை மண்ணுக்குள் அடித்து இறக்குவது) மாதிரி எடுக்கும் குழாயின் உள்விட்டம் 35 மில்லிமீட்டர்தான். அதைவிடப் பெரிய கல் அதற்குள் வரவே முடியாது. வராத கல்லைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்க வேண்டியவன் நான்.

ஆறும் காற்றும் மண்ணைச் சலித்துத்தான் கொண்டுவரும். மணல் ஓரிடம், வண்டல் ஓரிடம் என்று பிரிந்து படியும். பனிக்கட்டி சலிக்காது. மாவு போல் அரைபட்ட பாறைத்தூளிலிருந்து வீடு அளவுப் பாறைவரை எல்லாவற்றையும் ஒன்றாகச் சுமந்துவந்து போட்டுவிடும். இதைத்தான் டில் என்கிறோம். பனிக்கு அடியில் நசுங்கிய டில் கான்கிரீட்டை நினைவூட்டும் அளவுக்கு இறுகியிருக்கும். பனி உருகும்போது மேலே சரிந்து விழுந்தது தளர்ந்து கிடக்கும். உருகிய நீர் ஓடிய இடத்தில் மணலும் சரளையும், அது தேங்கிய ஏரியில் மென்மையான களிமண்ணும் படிந்திருக்கும். ஒரே துளையில் பத்து மீட்டருக்குள் இவை எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். ஆகவே 'இந்தத் தளத்துக்கு ஒரே வகைக் குழாய் போதும்' என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

முதலில் அளவு. 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு உருண்டைக் கல் ஏறத்தாழ 600 கிராம் இருக்கும். இரண்டு கிலோ மண்ணை எடுத்துவந்தால், அதில் அந்தக் கல் விழுந்ததா விழவில்லையா என்பதிலேயே வளைகோடு 30 சதவீதம் ஆடிவிடும். ஒரு கல்லின் பங்கு ஒரு சதவீதத்துக்குள் அடங்க வேண்டுமென்றால் 60 கிலோ மண் தேவை. இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். சரி, துளையிலிருந்து அவ்வளவு வராதுதான். அதனால்தான் டில் உள்ள இடத்தில் சோதனைக் குழி தோண்டச் சொல்லி நான் அடம்பிடிப்பது. குழியின் சுவரைக் கண்ணால் பார்க்கலாம், பெரிய கற்களைத் தனியே எடுத்து எடைபோடலாம், படம் எடுக்கலாம். மிச்சத்தை மூட்டையாகக் கட்டி லேபுக்கு அனுப்பலாம்.

குழாய் இறங்க எத்தனை அடி தேவைப்பட்டது என்று சொல்லும் எஸ்பிடி எண்ணை நம்புவதிலும் இதே சிக்கல். 63.5 கிலோ சுத்தியல் 760 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. குழாயின் வாயில் ஒரு கல் அடைத்துக்கொண்டால் அது கல்லை அடித்த கணக்கு, மண்ணை அடித்ததாகாது. எண் ஐம்பதைத் தாண்டியும், குழாய்க்குள் இரண்டு அங்குல மண்கூட இல்லையென்றால், அந்த எண்ணை வடிவமைப்பில் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு 75 மில்லிமீட்டருக்கும் அடிகளைத் தனித்தனியாக எழுதிவைத்தால், எங்கே திடீரென்று ஏறியது என்று பின்னால் பிடித்துவிடலாம். பெரிய பாறாங்கல்லை அடிப்பாறை என்று நினைத்து ரிக்கை நிறுத்துவதும் நடக்கிறது. குறைந்தது மூன்று மீட்டராவது கோர் (உருளையாக வெட்டியெடுத்த பாறை) எடுத்துப் பார்த்த பிறகே நான் 'பாறை' என்று எழுதுவேன்.

பலரும் தவறவிடுவது ஈரப்பதம். ஒரு டில் மாதிரியின் எடையில் 40 சதவீதம் கல் என்று வைத்துக்கொள்வோம். கல்லுக்குள் ஒரு சதவீத ஈரம். மொத்த மாதிரியின் ஈரப்பதம் 9 சதவீதம். கணக்குப் போட்டால், கற்களுக்கு இடையிலிருக்கும் மண்ணின் ஈரப்பதம் 14 சதவீதத்துக்கும் மேலே. ஆனால் நீர்ம வரம்பு (மண் குழம்பாக ஓடத் தொடங்கும் ஈரம்), நெகிழ் வரம்பு (பிசைந்து உருட்ட வரும் ஈரம்) சோதனைகளைச் செய்வதோ 425 மைக்ரான் சல்லடையைக் கடந்த மண்ணில். நெகிழ் வரம்பு 14 என்று வந்தால், 9-ஐ அதோடு ஒப்பிட்டு 'உலர்ந்து கெட்டியான மண்' என்று முடிவுகட்டுவார்கள். உண்மையில் அது நெகிழும் விளிம்பில் இருக்கிறது. ஒரு மழை போதும், டிராக்டர் சக்கரம் புதைந்துவிடும். இதைத் தவிர்க்க, கல்லின் பங்கையும் அதன் ஈரத்தையும் தனியே அளக்கச் சொல்லி மாதிரிச் சீட்டிலேயே எழுதிவிடுகிறேன்.

மண் உருளையை எல்லாப் பக்கமும் அழுத்தி வலிமை பார்க்கும் மூவச்சு அழுத்தச் சோதனைக்கும் ஒரு விதி உண்டு. மாதிரியின் விட்டத்தில் ஆறில் ஒரு பங்கைவிடப் பெரிய கல் அதில் இருக்கக் கூடாது. 38 மில்லிமீட்டர் மாதிரியென்றால் சுமார் 6 மில்லிமீட்டர் கல்லோடு சரி. செதுக்கும்போது கல் பெயர்ந்து விழுந்த குழியை மண்ணால் பூசி மெழுகிச் சோதிப்பது உண்டு. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்ததில்லை.

ஏரிக் களிமண் டில்லுக்கு நேர் எதிர்: கல் இல்லை, ஆனால் தொட்டாலே கெடும். இதில் ஆண்டுக்கு ஒரு ஜோடிப் பட்டை படிந்திருக்கும். கோடையில் வெளிறிய வண்டல், குளிர்காலத்தில் கருத்த களிமண். சுவீடனின் நிலவியலாளர் யெரார்ட் டெ யேர் இந்தப் பட்டைகளை எண்ணித்தான் பனி விலகிய காலத்தைக் கணக்கிட்டார். நமக்கு அதில் வேறு பாடம் இருக்கிறது. இரண்டு பட்டைகளையும் சேர்த்துப் பிசைந்து சோதித்தால், பூமியில் எங்கும் இல்லாத ஒரு மண்ணைச் சோதித்தவர்களாவோம். பட்டைகளைப் பிரித்துச் சோதிக்க வேண்டும். நீர் ஊடுருவலையும் கிடைமட்டத்தில் ஒருமுறை, செங்குத்தில் ஒருமுறை பார்க்க வேண்டும்.

இங்கே குழாயின் தடிமன்தான் எல்லாம். ஷெல்பி என்ற மெல்லிய 76 மில்லிமீட்டர் குழாயின் பரப்பு விகிதம் (உள்ளே வரும் மண்ணோடு ஒப்பிட்டால் குழாய்ச் சுவர் ஒதுக்கும் மண்) 10 சதவீதத்துக்குள் இருக்கும். தடித்த குழாயில் அது 30 சதவீதத்தை எட்டலாம், அவ்வளவு மண்ணை ஒதுக்கித்தள்ளிக்கொண்டுதான் அது இறங்கும். மிக எளிதில் கெடும் களிமண்ணுக்கு 250 மில்லிமீட்டர் விட்டத்தில் கட்டியாகவே வெட்டியெடுக்கும் ஷெர்புரூக் கருவி இருக்கிறது. செலவு அதிகம். எல்லா இடத்துக்கும் தேவையில்லை, ஆனால் உணர்திறன் மிகுந்த, அதாவது கிளறினால் வலிமையை இழக்கும் களிமண்ணில் கஞ்சத்தனம் வேண்டாம். நார்வேயின் ரிஸ்ஸாவில் 1978 ஏப்ரல் 29 அன்று சரிந்தது அப்படிப்பட்ட களிமண்தான். கடலடியில் படிந்து, நிலம் உயர்ந்தபின் நன்னீர் அதன் உப்பைக் கழுவிவிட்டது. ஒரு தொழுவத்தைப் பெரிதாக்கத் தோண்டிய மண்ணை ஏரிக்கரையில் கொட்டியதில் ஆரம்பித்து, 50 லட்சம் கன மீட்டருக்கும் மேல் குழம்பாக ஓடியது. இந்த மண் குழாய்க்குள் கெட்டியாகத்தான் தெரியும். ஒரு துண்டைக் கிண்ணத்தில் போட்டுக் கரண்டியால் கிளறிப் பாருங்கள், தண்ணீர் சேர்க்காமலே ஊற்றலாம்.

ஆழம் பற்றியும் ஒன்று. கனடாவில் வின்னிபெக்கை அடுத்த டிரான்ஸ்கோனாவில் 1913 அக்டோபரில் ஒரு தானியக் கிடங்கு சுமார் 27 டிகிரி சாய்ந்தது. அகாசி என்ற பனிக்கால ஏரியின் களிமண் அது. மேல்மட்டத்தில் தகடு வைத்துத் தாங்குதிறன் பார்த்திருந்தார்கள். 1950-களின் தொடக்கத்தில் பெக், பிரையன்ட் என்ற பொறியாளர்கள் இருவரும் அங்கே துளைகள் மூலம் ஆராய்ந்தபோது, அடியில் இருந்த களிமண் இன்னும் மென்மையானது என்று தெரிந்தது.

நன்றாக எடுத்த மாதிரியைக்கூட வண்டியில் கெடுக்கலாம். குழாயின் இரு முனைகளையும் மெழுகால் அடைத்து, மண்ணில் இருந்த அதே திசையில் நிறுத்தி, ஸ்பாஞ்ச் பொதிந்த பெட்டியில் வைக்க வேண்டும். வெயிலும் உறைபனியும் இரண்டுமே ஆகாது. லேபில் மாதிரியை நிலத்தடியில் இருந்த பழைய அழுத்தத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும்போது வெற்றிட விகிதம் (துகள்களோடு ஒப்பிட்டால் இடைவெளியின் அளவு) எவ்வளவு மாறியது என்று கேளுங்கள். தன் மேலிருக்கும் மண்ணின் எடையால் மட்டும் இறுகிய மென்களிமண்ணில் அந்த மாற்றம் தொடக்க மதிப்பில் 4 சதவீதத்துக்குள் இருந்தால் மாதிரி நல்லது. 14-ஐத் தாண்டினால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம்.

என் லாக் புத்தகத்தில் இப்போது ரிக் நடுங்கிய ஆழம், அரைத்த நேரம், தண்ணீரின் நிறம் மாறிய இடம் எல்லாம் இருக்கும். டிரில்லர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்கிறேன். குழாய் காலியாக மேலே வந்தால் அதற்கும் ஒரு மாதிரி எண் கொடுத்து, லேபுக்குப் போகும் பட்டியலில் ஒரு வரி ஒதுக்குகிறேன்.