அறுந்த நரம்பும் ஒட்டு நரம்பும்: காலம் தாழ்த்தினால் என்ன ஆகும்?

மணிக்கட்டில் கண்ணாடி கிழித்த காயம். தோலுக்குத் தையல் போட்டு, காயமும் ஆறிவிடுகிறது. சுண்டுவிரல் மட்டும் மரத்தே இருக்கிறது. "போகப் போகச் சரியாகிவிடும்" என்று யாரோ சொன்னதை நம்பிப் பல மாதம் கழித்து வருகிறார்கள். அதற்குள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் புறங்கைச் சதை வற்றிப் பள்ளம் விழுந்திருக்கும். கை அறுவை சிகிச்சை செய்கிற எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்தக் காத்திருப்புதான். ஏனென்றால், தாமதமாக வருபவருக்கு எவ்வளவு நல்ல ஒட்டு (அறுந்த முனைகளுக்கு நடுவே பாலமாக வைக்கும் துண்டு) வைத்தாலும், முதல் வாரத்திலேயே வந்தவருக்குக் கிடைக்கிற பலன் அநேகமாகக் கிடைப்பதில்லை.

நரம்புக்குள் ஓடும் இழைகளை ஆக்ஸான் என்கிறோம். அவற்றின் உயிர்நிலையான செல் உடல் தண்டுவடத்திலோ அதை ஒட்டியோ இருக்கிறது. நடுவில் வெட்டுப்பட்டால், வெட்டுக்குக் கீழே உள்ள இழை முழுவதும் அழிந்துவிடும். 1850-இல் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்புகளில் இதைக் கண்டு விவரித்தார். இழை அழிந்தாலும் அதைச் சுற்றியிருந்த ஷ்வான் செல்கள் பிழைத்திருக்கும். சிதைந்ததைச் சுத்தம் செய்துவிட்டு வரிசையாக நின்று, மேலிருந்து வரும் புதிய இழைக்குப் பாதை காட்டும். அந்தப் புதிய இழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்கு ஆறு மாதத்துக்கு மேல். அக்குளில் அறுந்தால் கையின் சிறு தசைகளைத் தொட ஒன்றரை வருடத்துக்கும் மேல் ஆகிவிடும். தசை அவ்வளவு நாள் காத்திருக்காது. 12 முதல் 18 மாதத்துக்குள் இழை வந்து சேராவிட்டால், பிறகு வந்தும் அந்தத் தசை பெரும்பாலும் உயிர்பெறாது. உணர்ச்சிக்குக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் உண்டு.

சுத்தமான வெட்டு, உடனே வந்துவிட்டார் என்றால் வேலை எளிது. மைக்ரோஸ்கோப்பின் கீழ், தலைமுடியைவிட மெல்லிய நூலால் இரண்டு முனைகளையும் நேராகச் சேர்த்துத் தைத்துவிடலாம். நாள் கடந்துவிட்டால் முனைகள் உள்வாங்கி, மேல் முனையில் தழும்பும் வழிதவறிய இழைகளும் சேர்ந்து ஒரு முண்டு உருவாகியிருக்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டே போவோம். முதலில் வெள்ளையாக, கெட்டியாக, தழும்பு மட்டும் தெரியும். இன்னும் சீவினால் ஓரிடத்தில் சிறு சிறு கற்றைகள் லேசாகப் பிதுங்கி வரும், நுண்ணிய ரத்தப் புள்ளிகள் தெரியும். அங்கேதான் நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தும்போது, முதல் நாள் இடைவெளியே இல்லாத இடத்தில் இப்போது சில சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். இழுத்துப் பிடித்துத் தைத்தால் ரத்த ஓட்டம் குறைந்து மறுபடி தழும்புதான் வரும். இழுத்துத் தைப்பதைவிட இழுவிசை இல்லாமல் ஒட்டு வைப்பது மேல் என்பதை 1970-களில் ஹான்னோ மில்லெசி நிலைநாட்டினார்.

இன்றைக்கும் முதல்தரமான ஒட்டு நோயாளியின் சொந்த நரம்புதான். பெரும்பாலும் கெண்டைக்காலின் பின்புறம் ஓடும் சூரல் நரம்பை எடுக்கிறோம். அதில் உயிருள்ள ஷ்வான் செல்கள் இருக்கின்றன, இழைகள் ஊர்ந்துபோகக் குழல்களும் தயாராக இருக்கின்றன. அதற்கு ஒரு விலையும் உண்டு: பாதத்தின் வெளிப்பக்கம் மரத்துப்போகும், காலில் இன்னொரு காயம், எடுக்கக்கூடிய நீளத்துக்கும் எல்லை. ஒரே கையில் மூன்று நரம்பு சிதைந்து வந்தவருக்கு அது போதவே போதாது. ஆய்வகத்தில் ஒட்டு தயாரிக்கும் முயற்சிகளுக்கு இதுதான் காரணம்.

முதலில் வந்தது வெற்றுக் குழாய். இரண்டு முனைகளையும் குழாய்க்குள் செருகிவிட்டால் உள்ளே திரவம் நிரம்பி, ஃபிப்ரின் (ரத்தத்தை உறையவைக்கும் புரதம்) இழையாக உறையும். அதைப் பிடித்துக்கொண்டு இருபுறமிருந்தும் ஷ்வான் செல்கள் ஊரும், பின்னாலேயே ஆக்ஸான் வரும். 1980-களின் சோதனைகளில், எலியின் தொடையில் ஓடும் சயாடிக் நரம்பில் சிலிக்கோன் குழாய் 10 மில்லிமீட்டர் இடைவெளியைக் கடக்க உதவியது. 15 மில்லிமீட்டரில் ஃபிப்ரின் பாலம் நிற்கவில்லை. சிலிக்கோன் கரையாமல் கிடந்து பின்னாளில் நரம்பை நெருக்கும் என்பதால் இப்போது கொலாஜன் என்ற புரதம் போன்ற கரையும் பொருள்களைப் பயன்படுத்துகிறோம். விரலின் மெல்லிய உணர்ச்சி நரம்பில் சிறிய இடைவெளிக்கு இவை உதவும். 3 சென்டிமீட்டருக்கு மேல் வெற்றுக் குழாயை நான் நம்புவதில்லை.

அடுத்தது, இறந்தவர் தானமாகத் தந்த நரம்பிலிருந்து செல்களை எல்லாம் கழுவி நீக்கிவிட்டுச் சட்டகத்தை மட்டும் வைத்துக்கொள்வது. குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போன வீடு மாதிரி. சுவரும் அறையும் அப்படியே இருக்கும். அந்நிய செல் இல்லாததால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து தேவையில்லை. 7 சென்டிமீட்டர் நீளம் வரை மனிதர்களில் பயன்பட்டிருக்கிறது. ஆனால் அங்கே குடியேற ஷ்வான் செல்கள் இரு முனைகளிலிருந்தும் வந்தாக வேண்டும். தூரம் கூடக் கூட அவை பெருகிப் பெருகி ஓய்ந்துவிடுகின்றன.

எனவே, ஒட்டுக்குள்ளேயே உயிருள்ள செல்களை வைத்து அனுப்பினால் என்ன என்பது இப்போதைய ஆராய்ச்சி. நேர்வரிசையில் நூற்ற மிக நுண்ணிய நார்கள், கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்கள் (வேறு வகை செல்களாக மாறக்கூடியவை), நரம்பை வளரத் தூண்டும் புரதங்களான வளர்ச்சிக் காரணிகள் என்று பல வழிகளில் முயல்கிறார்கள். காரணியை ஓரிடத்தில் அளவுக்கு மீறி வைத்தால் இழைகள் அங்கேயே சிக்கிக்கொண்டு மேலே நகர்வதில்லை என்பதும் தெரிந்திருக்கிறது. ஒட்டு தடிமனாக இருந்தால் ரத்த நாளம் போய்ச் சேருவதற்குள் நடுப்பகுதி செத்துவிடும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நரம்பு செல்களை இரண்டு பரப்புகளில் வளர்த்து, அவற்றை மெதுவாக விலக்கி ஆக்ஸான்களை நீட்டுகிறார்கள். குழந்தை வளரும்போது நரம்பு நீள்வதும் இந்த இழுவிசையால்தான். எனக்கு மிகவும் பிடித்த வழி இது. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை எலிகளில்தான் சோதிக்கப்பட்டிருக்கின்றன. எலிக்கு நரம்பு வளர்கிற வேகமும் தூரமும் வேறு. செய்தியில் "நரம்பு மீண்டும் வளர்ந்தது" என்று படித்தால் எந்த உயிரினத்தில், எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள்.

முழுதாக அறுந்த நரம்பு ஸ்டெம் செல் ஊசியால் ஒன்றுசேரும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். முனைகளுக்கு நடுவே பாலம் இல்லாமல் எந்த ஊசியும் அவற்றைச் சேர்க்காது. பணம் போவதைவிட, அந்த மாதங்கள் போவதுதான் பெரிய நஷ்டம்.

சரி, வெட்டுக்காயம் பட்டால் எதைக் கவனிப்பது? மரத்துப்போக ஊசி போடுவதற்கு முன்பே ஒவ்வொரு விரலிலும் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஊசி போட்ட பிறகு தெரியாது. சின்னக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது இல்லையா? காயம் மூடிய பிறகும் சந்தேகம் இருந்தால் விரல்களை வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் ஊறவையுங்கள். நரம்பு அறுந்த விரல் நுனி மட்டும் சுருங்காமல் மழமழவென்று இருக்கும். அங்கே வியர்வையும் இருக்காது. அப்படி இருந்தால் அதே வாரத்தில் நரம்பு அறுவை சிகிச்சை தெரிந்தவரிடம் போய்விடுங்கள். எலும்பு முறிவோடு வரும் மரப்பு வேறு கதை. அதில் நரம்பு அறுபடாமல் நசுங்கியிருக்க வாய்ப்பு அதிகம். தசையின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்யும் ஈஎம்ஜி பரிசோதனையோடு சுமார் மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்பதும் சிகிச்சைதான், ஆனால் மருத்துவர் கண்காணிப்பில்.

ஒட்டு வைத்த பிறகு புகைப்பழக்கம் கூடாது, சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், பிசியோதெரபியை விடக்கூடாது. உணர்ச்சி திரும்பும் வரை சூடான பாத்திரத்தை மற்ற கையால் தொட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள். மரத்த விரல் சுட்டாலும் வலிக்காது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.