மலைக்குப் பின்னால் ஒதுங்கினால் போதுமா? கிரேக்கத் தீவுகளில் நங்கூரம் பிடிக்கும் விதம்

ஏஜியன் கடலில் கோடையில் பாய்மரப் படகு ஓட்டுகிறவர்களுக்கு மதியம் தாண்டினால் ஒரே கவலைதான்: இன்றிரவு எங்கே நங்கூரம் போடுவது? வரைபடத்தைப் பார்த்தால் பதில் சுலபம் போலத் தெரியும். காற்று வடக்கிலிருந்து வருகிறது. உயரமான மலை உள்ள தீவாகப் பார்த்து, அதன் தெற்குப் பக்கம் ஒதுங்கிவிட்டால் ஆயிற்று. மலை எவ்வளவு உயரமோ மறைவும் அவ்வளவு நல்லது என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் இரவுத் தூக்கத்தைக் கெடுப்பது பல சமயம் அந்த உயரமான மலையேதான்.

அந்த வடகாற்றுக்கு மெல்டெமி என்று பெயர். பழைய கிரேக்கர்கள் அதை எடேசியக் காற்று என்றார்கள். வருடந்தோறும் வருவது என்று பொருள். ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் உச்சம். இதில் ஆபத்தான விஷயம், வானம் எந்த எச்சரிக்கையும் தராது என்பதுதான். கறுத்த மேகம் இல்லை, இடி இல்லை. பளிச்சென்ற நீல வானத்தின் கீழே காற்று 30 நாட் வேகத்தை, அதாவது மணிக்கு 56 கிலோமீட்டரை, சாதாரணமாக எட்டிவிடும். சில நாள் சூரியன் மறைந்ததும் தணியும். சில முறை மூன்று நாள், நான்கு நாள் இரவு பகலாக அடிக்கும்.

இதன் காரணத்தைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. கோடையில் பால்கன் நாடுகளின் பக்கம் உயர் அழுத்தம் நிற்கிறது. கிழக்கே துருக்கியின் அனடோலியப் பீடபூமி வெயிலில் காய்ந்து, அதன்மேல் தாழ்வழுத்தம் உருவாகிறது. இரண்டுக்கும் இடையில் அகப்பட்ட காற்று ஏஜியன் வழியாகத் தெற்கே பாய்கிறது. அந்தத் துருக்கித் தாழ்வழுத்தம் தனியானதல்ல. பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா மேல் உருவாகி, நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்றை இழுத்து வருகிறதே ஒரு பெரிய வெப்பத் தாழ்வழுத்தம், அதன் மேற்கு வால்தான் ஈரான் வழியாக அங்கே வரை நீள்கிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று நாம் சொல்லும் அதே நாட்களில்தான் ஏஜியன் மாலுமிகள் மெல்டெமிக்கு இடம் தேடி அலைகிறார்கள். இரண்டு காற்றும் ஒரே குடும்பம்.

சரி, மலைக்கு வருவோம். ஏரி நிரம்பிக் கலிங்கு வழியும்போது கவனித்திருப்பீர்கள். மேலே தண்ணீர் அமைதியாக, கண்ணாடி போல வரும். கல்லைத் தாண்டிச் சரிவில் இறங்கும்போதுதான் வேகம் எடுக்கும். அடிவாரத்தில் விழுந்து நுரைத்துக் கொந்தளிக்கும். மெல்டெமியும் அப்படியே. அதன் மேலே வெதுவெதுப்பான காற்றடுக்கு ஒன்று மூடிபோல் உட்கார்ந்திருப்பதால், மலைமேல் ஏறிய காற்று மேலே தப்பிப் போக முடியாமல் மறுபக்கச் சரிவில் வேகமாக இறங்குகிறது. ஆகவே மலையின் தெற்கு அடிவாரத்தில், மறைவு என்று நாம் நம்பிய இடத்தில், நடுக்கடலில் அடித்ததைவிட வலுவான வீச்சு விட்டுவிட்டு வந்து அறையும். அமோர்கோஸ், இகாரியா, ஆண்ட்ரோஸ் தீவுகளின் மறைவுப் பக்கங்கள் இதற்குப் பேர்போனவை. இந்த வீச்சு ஒரே திசையிலிருந்தும் வராது. படகு இடமும் வலமும் அலையும். நங்கூரம் ஒவ்வொரு முறையும் வேறு கோணத்தில் இழுபடும்.

மாறாக, டெலோஸுக்கு அருகிலுள்ள ரினியா தாழ்வான தீவு. அதன் தெற்குக் குடாவில் காற்று மேலே ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் சீராக ஓடும். அலை எழும்பத் தூரம் இல்லாததால் தண்ணீர் தட்டையாகக் கிடக்கும். சீராக இழுக்கும் 25 நாட் காற்றை நல்ல நங்கூரம் தாங்கிக்கொள்ளும். 5 நாட் வேகத்திலிருந்து 40 நாட்டுக்குத் தாவி, மறுபடி 5-க்கு விழும் காற்றுதான் அதைப் பிடுங்குகிறது. என்னைக் கேட்டால், மெல்டெமி பலமாக அடிக்கும் வாரத்தில் அழகான மலையடிவாரத்தைவிட இப்படிப்பட்ட மொட்டைத் தீவே மேல்.

காற்றைப் போலவே கடல் அலைகளும் நேர்கோட்டில் போவதில்லை. தீவின் முனையை ஒட்டி ஆழம் குறையும் இடத்தில் அலையின் ஒரு பக்கம் மெதுவாகிறது. அதனால் முழு அலையும் அந்தப் பக்கம் வளைந்து, முனையைச் சுற்றிக் குடாவுக்குள் நுழைகிறது. காற்றே படாத குடாவில்கூடப் படகு ராத்திரி முழுக்கத் தொட்டில் போல ஆடுவது இதனால்தான். சிப்னோஸ் தீவின் வதி குடாவை மாலுமிகள் விரும்புவதற்குக் காரணம் அதன் குறுகிய வாய். உள்ளே விரிந்த இடம், வெளி அலை நுழைய வழி குறைவு.

எந்தக் குடாவும் எல்லாக் காலத்துக்கும் நல்லதாக இருக்காது. பைபிளில் வரும் இயேசுவின் தூதர் பவுல் கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகப்பட்ட கப்பல் கிரீட்டின் தென்கரையில் ‘நல்ல துறைமுகம்’ என்று பெயர்பெற்ற இடத்தில் தங்கியது. பெயர் நல்லதுதான், ஆனால் குளிர்காலத்தைக் கழிக்க அது தகாது என்று கப்பல்காரர்கள் கருதினார்கள். கோடையில் வடக்கிலிருந்து வரும் காற்று இலையுதிர் காலம் முதல் தெற்கிலிருந்தும் வரத் தொடங்கும். தெற்கே வாய் திறந்த குடா அப்போது பொறியாகிவிடும். அன்று அவர்கள் அங்கிருந்து புறப்பட்டுப் புயலில் சிக்கியது தனிக்கதை.

அடுத்தது, தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது. நங்கூரம் தன் எடையால் படகை நிறுத்துவதில்லை. 20 கிலோ இரும்பு பத்து டன் படகை எப்படிப் பிடிக்கும்? அது கலப்பைக் கொழுவைப் போல மண்ணுக்குள் புதைந்து, தனக்கு முன்னால் உள்ள மண்ணின் எதிர்ப்பால்தான் பிடிக்கிறது. மணலும் இறுகிய சேறும் நல்லவை. பாறையில் பிடிப்பது அதிர்ஷ்டம். சில சமயம் காலையில் எடுக்கவும் முடியாது. கடற்புல்தான் அதிகம் ஏமாற்றுகிறது. போசிடோனியா என்ற இந்தப் புல், கடல் தெய்வம் பொசைடனின் பெயரைக் கொண்டது. இங்குள்ள வகை மத்தியதரைக் கடலில் மட்டுமே உள்ளது. பாசி அல்ல, பூக்கும் தாவரம். அதன் வேர்த்தண்டுகள் பின்னிப் பாய்போல் கிடப்பதால் நங்கூரம் உள்ளே இறங்காது. கொஞ்ச நேரம் கொத்தாகப் பிடித்துக்கொண்டு பிடித்ததுபோல் காட்டும். பலத்த வீச்சு வந்ததும் புல்லோடு பெயர்ந்து வரும். அந்த வேர்த்தண்டு வருடத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் படரும். ஒரு நங்கூரம் ஒரே இரவில் கிழித்த இடம் மூடப் பல வருடங்கள் ஆகும். மீன்குஞ்சுகள் வளர்வதும் இந்தப் புல்வெளியில்தான். எனவே அதைத் தவிர்ப்பது நம் பாதுகாப்புக்கும் நல்லது, அந்தக் கடலுக்கும் நல்லது.

கண்டுபிடிப்பது கடினமல்ல. சூரியன் உச்சியிலோ முதுகுக்குப் பின்னாலோ இருக்கும்போது குடாவுக்குள் வந்தால், வெளிர் பச்சையாகத் தெரிவது மணல், கருநீலத் திட்டு புல் அல்லது பாறை. மாலை ஆறு மணிக்குமேல் வந்தால் எல்லாம் ஒரே நிறம்.

இனி சங்கிலி. படகில் நிறுவிய கருவி 5 மீட்டர் ஆழம் என்று காட்டினால், சங்கிலி தொங்கும் முகப்பு தண்ணீரிலிருந்து 1 மீட்டர் உயரம் என்று வைத்தால், கணக்கில் எடுக்க வேண்டியது 6. அதன் ஐந்து மடங்கு, 30 மீட்டர் சங்கிலி விட வேண்டும். பலமான காற்று என்றால் ஏழு மடங்கு. எதற்கு இவ்வளவு? 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள சங்கிலி மீட்டருக்கு 2.3 கிலோ அளவில் இருக்கும். மெல்லிய காற்றில் அதன் எடையே அதைத் தரையில் படுக்க வைக்கும். நங்கூரம் கிடைமட்டமாக மட்டுமே இழுபடும். கலப்பையைக் கிடைமட்டமாக இழுத்தால் உள்ளே இறங்கும். மேலே தூக்கினால் வெளியே வந்துவிடும். நங்கூரமும் அதேதான்.

காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 15 நாட் 30 ஆனால் இழுவை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. அந்த நேரத்தில் சங்கிலியின் தொய்வெல்லாம் போய் அது கம்பிபோல் விறைத்து நிற்கும். அப்புறம் நம்மைக் காப்பது நீளம் தரும் கோணம் மட்டுமே. மூன்று மடங்கு விட்டவர்களின் சங்கிலி தரையோடு 19 டிகிரிக்கு மேல் எழும். ஐந்து மடங்கில் 12 டிகிரிக்கும் குறைவு. ஏழு மடங்கில் சுமார் 8. சாண்டோரினியின் எரிமலைக் குடாவில் ஏன் நங்கூரம் போட முடியாது என்பதும் இதே கணக்கில் தெரிந்துவிடும். 300 மீட்டர் செங்குத்துப் பாறை அப்படியே தண்ணீருக்குள்ளும் இறங்கி, நடுவில் 400 மீட்டர் ஆழத்தை நெருங்குகிறது. ஐந்து மடங்கு என்றால் இரண்டு கிலோமீட்டர் சங்கிலி.

நங்கூரம் போட்டதும் எஞ்சினைப் பின்னோக்கி மெதுவாக ஓட்டி, பிறகு வேகத்தைக் கூட்டுங்கள். அப்போது சங்கிலிமேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். நங்கூரம் தரையைச் சுரண்டிக்கொண்டு வந்தால் கரகரவென்ற அதிர்வு கைக்கு ஏறிவரும். நன்றாகப் புதைந்திருந்தால் சங்கிலி விறைக்கும், அவ்வளவுதான். கை சும்மா இருக்கும். கரையில் ஒரு வெள்ளைத் தேவாலயமும் அதன் பின்னால் ஒரு பாறையும் ஒரே கோட்டில் தெரிகின்றனவா என்று குறித்துக்கொள்ளுங்கள். கோடு விலகிக்கொண்டே போனால் படகு நகர்கிறது. ஏஜியன் தண்ணீர் தெளிவானது. கண்ணாடி மாட்டிக்கொண்டு நீந்திப்போய் நங்கூரத்தை நேரில் பார்த்துவிட்டு வருவதைவிட நிம்மதி வேறு இல்லை.

காலையில் சங்கிலியைச் சுருட்டியபடி படகை நங்கூரத்துக்கு நேர் மேலே கொண்டுவந்தால், இரவெல்லாம் அசையாதிருந்த அதே இரும்பு நேர்மேல் இழுப்புக்கு இளகி எழும்பி வரும். அதன் அலகில் ஒட்டிய மண்ணைக் கழுவுவதற்கு முன் ஒருமுறை விரலால் தேய்த்துப் பாருங்கள். எகிப்துக்கு ஒரு நாள் தொலைவில் ஆழம் பார்க்கும் குண்டை இறக்கினால் 11 பாக ஆழத்தில் (ஒரு பாகம் என்பது இரு கைகளை விரித்த நீளம்) சேறு ஏறிவரும் என்று ஹெரோடோட்டஸ் கிறிஸ்துவுக்கு முன் 5ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். சாம்பல் களியா, சங்குத்தூள் மணலா, புல்வேரா என்று நீங்களும் படகின் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். அடுத்த வருடம் இதே குடாவுக்கு வரும்போது வரைபடத்துக்கு முன்னால் அதைத்தான் பார்ப்பீர்கள்.