காணாமற்போன அஞ்சல் தலையும் ஆம்–இல்லைக் கணக்கும்

மொரிசியஸின் தலைநகரான போர்ட் லூயிஸில், கோடான் துறைமுகக் கரையிலுள்ள புளூ பென்னி அருங்காட்சியகத்தில், 1847இல் அச்சான இரண்டு அஞ்சல் தலைகள் இருக்கின்றன. ஒன்று ஒரு பென்னி மதிப்புள்ள செம்மஞ்சள் தலை. மற்றது இரண்டு பென்ஸ் மதிப்புள்ள நீலத் தலை. ஒளி பட்டால் நிறம் மங்கும் என்பதால் அவற்றின் மீது சிறிது நேரமே விளக்கு எரியும். மற்ற வேளைகளில் பார்வையாளர்கள் காண்பது நகல்களைத்தான். ரோஸ்ஹில்லில் நான் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் பிள்ளைகள், அந்த நீலத் தலை காணாமற்போய்விட்டதாகக் கற்பனை செய்துகொண்டு, படத்திலுள்ள பொருள்களைக் கிளிக் செய்து தடயம் சேர்க்கும் துப்பறியும் விளையாட்டு ஒன்றை உருவாக்கினார்கள். இத்தகைய விளையாட்டு உள்ளே எப்படி இயங்குகிறது என்பதை விளக்க அவர்களுடைய விளையாட்டே போதும்.

திரையில் நமக்கு இழுப்பறையாகத் தெரிவது கணினிக்கு வெறும் நிறப்புள்ளிகளின் கூட்டம்தான். ஆகவே, விளையாட்டை எழுதுபவர் இழுப்பறையைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலியைப் போடுகிறார். மவுஸின் அம்பு வேலிக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதைக் கணினி கண்டுபிடிக்கும் முறை மிக அழகானது. கிளிக் விழுந்த புள்ளியிலிருந்து திரையின் விளிம்பைத் தாண்டும் வரை ஒரு நேர்கோட்டை இழுத்து, அது வேலியை எத்தனை முறை வெட்டுகிறது என்று எண்ணினால் போதும். வேலியை ஒவ்வொரு முறை கடக்கும்போதும் உள்ளே இருந்தவர் வெளியே வருகிறார், வெளியே இருந்தவர் உள்ளே போகிறார். கோட்டின் மறுமுனையோ நிச்சயமாக வெளியே இருக்கிறது. எனவே எண்ணிக்கை ஒற்றைப்படையானால் புள்ளி உள்ளே, இரட்டைப்படையானால் வெளியே. வேலி எத்தனை வளைவு நெளிவோடு இருந்தாலும் இந்தக் கணக்கு பொய்ப்பதில்லை. சிறுவர்களுக்கான விளையாட்டில் இந்த வேலியைப் பொருளைவிடச் சற்று அகலமாகப் போடுவது நல்லது. சின்ன விரல்கள் குறிதவறுவது குழந்தையின் பிழையாகக் கூடாது.

கிளிக் எதன் மீது விழுந்தது என்று தெரிந்த பிறகுதான் கதை தொடங்குகிறது. கதையைக் கணினி புரிந்துகொள்வதில்லை. ‘சாவி பையில் இருக்கிறதா?’, ‘விளக்கு எரிகிறதா?’, ‘காவலரிடம் பேசியாயிற்றா?’ என்பன போன்ற கேள்விகளுக்கு ஆம், இல்லை என்ற விடைகளை மட்டுமே அது நினைவில் வைத்திருக்கிறது. பிள்ளைகளின் விளையாட்டில், விளக்கு எரியும்போது கண்ணாடிப் பெட்டியைக் கிளிக் செய்தால்தான் உள்ளே இருப்பது போலித் தலை என்று தெரியவரும். எரியாதபோது அதே கிளிக்குக்கு ‘இருட்டாக இருக்கிறது’ என்ற விடைதான் வரும். பத்துக் கேள்விகள் இருந்தால் விளையாட்டு 1,024 நிலைகளில் இருக்கக்கூடும். இருபது இருந்தால் 10,48,576 நிலைகள். இவை அனைத்தையும் ஒருவர் உட்கார்ந்து விளையாடிச் சோதிப்பது நடவாத காரியம்.

அதனால்தான் இத்துறையினர் முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கி வரைபடம் போடுகிறார்கள். நீலத் தலை பெட்டகத்தில் இருக்கிறது. பெட்டகத்தைத் திறக்க நான்கு இலக்க எண் வேண்டும். அந்த எண்ணை அறிய, அது எழுதப்பட்ட ஒரு நூறு ரூபாய் நோட்டு வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் அதற்கு முன்பு நடக்க வேண்டியதை எழுதிக்கொண்டே பின்னோக்கிப் போவார்கள். வரைபடம் ஒற்றைச் சங்கிலியாக அமைந்தால், ஒரு புதிரில் சிக்கிய குழந்தைக்கு வேறு வேலை இல்லாமல் போகும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று புதிர்கள் திறந்திருந்தால், ஒன்றைத் தள்ளிவைத்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம்.

1980களின் பல விளையாட்டுகளில், தொடக்கத்தில் ஒரு பொருளை எடுக்கத் தவறியவர் பல மணி நேரம் கழித்து, வழியே இல்லாத முட்டுச்சந்தில் போய் நிற்பார். 1987இல் வெளிவந்த ‘மேனியாக் மேன்ஷன்’ விளையாட்டை வடிவமைத்தவர்களுள் ஒருவரான ரான் கில்பர்ட், இத்தகைய குறைகளைக் கண்டித்து 1989இல் ஒரு கட்டுரையே எழுதினார். அவர் 1992இல் ஷெல்லி டே என்பவருடன் சேர்ந்து சிறுவர்களுக்கென்றே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். துப்பறியும் மீன் ஒன்று நாயகியாக வரும் ‘ஃப்ரெடி ஃபிஷ்’ அங்கிருந்து 1994இல் வந்தது. அதில் ‘திற’, ‘எடு’ என்ற வினைச்சொற்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை; ஒரே கிளிக் போதும். புதிதாகத் தொடங்கும்போது சில பொருள்கள் இடம் மாறியிருக்கும் என்பதால், அதே குழந்தை மறுபடியும் தேட வேண்டியிருக்கும். இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு: சாவியை எங்கு வேண்டுமானாலும் ஒளிக்கலாம், ஆனால் அந்தச் சாவியால் மட்டுமே திறக்கும் அறைக்குள் ஒளிக்கக் கூடாது.

முட்டுச்சந்து எங்கள் வகுப்பையும் விட்டுவைக்கவில்லை. மொரிசியஸ் அரசியல் தலைவர் ரங்கநாதன் சீனிவாசன் உருவம் பொறித்த அந்த நூறு ரூபாய் நோட்டின் ஓரத்தில், பெட்டகத்தின் எண்ணைப் பென்சிலால் ‘௧௮௪௭’ என்று தமிழ் எண்களில் எழுதி வைத்திருந்தோம். எங்கள் ரூபாய் நோட்டுகளில் தமிழ் எழுத்தும் இடம்பெறுவதால், அங்கே தமிழ் எண்ணும் பொருந்தும் என்று பிள்ளைகளுக்குத் தோன்றியது. விளையாட்டை முதன்முதலாகச் சோதித்த பத்து வயதுச் சிறுமி, நோட்டை உற்றுப் பார்க்காமலேயே, சந்தைக் காட்சியில் மிளகாய்த்தூள் தூவிய அன்னாசி விற்கும் பெண்மணியிடம் கொடுத்துவிட்டாள். பையில் அன்னாசி வந்தது, நோட்டு போயிற்று. அதன் பிறகு கால் மணி நேரம் பெட்டகத்தின் முன்னால் எண்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வியாபாரி நோட்டை வாங்க மறுக்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். அது சரியான வழியாக எனக்குப் படவில்லை. கையில் பணம் இருந்தும் வாங்க முடியாதது ஏன் என்று குழந்தைக்கு விளங்காது. வாங்கிய நோட்டு கல்லாப்பெட்டியின் மேல், ஒரு எலுமிச்சம்பழத்துக்கு அடியில் செருகியிருப்பதுபோல் பிள்ளைகள் படத்தை மாற்றினார்கள். அதைச் சுற்றி ஒரு வேலியைப் போட்டு, ‘நோட்டு கடையில் இருக்கிறதா?’ என்ற ஒரு கேள்வியையும் சேர்த்தார்கள். அடுத்த சனிக்கிழமை அந்தச் சிறுமி மறுபடியும் முதலில் அன்னாசியைத்தான் வாங்கினாள். பிறகு எலுமிச்சம்பழத்தைக் கிளிக் செய்தாள்.