மூன்று கை மாறும் கோப்பு: ‘பெர்மிஷன் டினைட்’ எங்கே பிறக்கிறது?

போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தை மூல நிரலிலிருந்து கட்டி நிறுவ, அதன் அதிகாரபூர்வ ஆவணத்தில் ஒரு சுருக்க வழி கொடுத்திருக்கிறார்கள். மொத்தமே பத்துப் பன்னிரண்டு வரிதான். அந்த வரிகளை மளமளவென்று தட்டிக்கொண்டு போகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: நடுவில் ஆள் இரண்டு முறை மாறுகிறார். கட்டுவதற்கு முன் கணினியைச் சோதித்துத் தயார் செய்யும் ‘கான்ஃபிகர்’, நிரலைக் கட்டும் ‘மேக்’ இரண்டையும் சாதாரணப் பயனர் ஓட்டுகிறார். கட்டியதை உரிய இடத்தில் நிறுவும் ‘மேக் இன்ஸ்டால்’, முழு அதிகாரமுள்ள நிர்வாகிப் பயனரான ரூட்டின் வேலை. அப்புறம் ‘போஸ்ட்கிரெஸ்’ என்று தனியாக ஒரு பயனரை உருவாக்கி, டேட்டா டைரக்டரியை அவர் பெயருக்கு எழுதி, சர்வரை அவர் கையில் ஒப்படைக்கிறோம்.

கட்டுகிறவர் ஒருவர், நிறுவுகிறவர் ஒருவர், ஓட்டுகிறவர் ஒருவர். பேக்கேஜாக இறக்கிக்கொண்டால் இந்தக் கைமாற்றங்களை டிஸ்ட்ரோக்காரர்களே (லினக்ஸைத் தொகுத்து வெளியிடுபவர்கள்) பார்த்துக்கொள்வார்கள். நாமே கட்டும்போது அது நம் தலையில் விழுகிறது. ‘பெர்மிஷன் டினைட்’ (அனுமதி மறுக்கப்பட்டது) பிழைகளில் பல இந்தக் கைமாற்றத்தின்போதுதான் பிறக்கின்றன.

இயங்குதளத்தின் மையமான கெர்னல் எப்படி முடிவெடுக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழு, மற்றவர்கள் என்று மூன்று வரிசை உண்டு. ஒவ்வொரு வரிசையிலும் படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டினால் 755, 644 என்று நாம் பார்க்கும் எண்கள் வந்துவிடும். கேட்கிற ஆள் உரிமையாளராக இருந்தால் முதல் வரிசையை மட்டும் பார்த்துவிட்டு கெர்னல் தீர்ப்புச் சொல்லிவிடும்; அடுத்த வரிசைக்குப் போகவே போகாது. 077 என்று அனுமதி வைத்த கோப்பை ஊரே படிக்கலாம், உரிமையாளரால் முடியாது! ரூட்டுக்கு இந்தச் சோதனைகள் பெரும்பாலும் பொருந்தாது. ஆனால் இயக்கும் விஷயத்தில் ரூட்டுக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது: மூன்று வரிசையில் எதிலாவது ஒன்றிலேனும் அந்த 1 இருந்தாக வேண்டும். ஜிப்பாகப் பிரித்ததில் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் இயக்க அனுமதியை இழந்துவிட்டால், சூடோ (ரூட்டாக ஓட்டச் சொல்லும் கட்டளை) போட்டாலும் ஓடாது. அதிலும் சூடோ அதை ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று சொல்லித் தொலைக்கும். கண்ணெதிரே கோப்பு இருக்க, இல்லை என்று சாதிக்கிற அந்தப் பிழையைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

அனுமதி எண்கள் சரியாக இருந்தும் ஓடாத இடம் ஒன்று உண்டு. பல சர்வர்களில் டெம்ப் டைரக்டரியை ‘நோஎக்ஸெக்’ என்ற விருப்பத்தோடு மவுண்ட் செய்திருப்பார்கள். அங்கே 755 இருந்தாலும் எதுவும் இயங்காது. சரி, ஷெல்லைக் கூப்பிட்டு அதன் வழியே ஸ்கிரிப்டை ஓட்டிவிடலாம் என்று ஓட்டினால் கொஞ்ச தூரம் போகும். பிறகு, கம்பைலர் வேலை செய்கிறதா என்று பார்க்க கான்ஃபிகர் ஒரு குட்டி சி நிரலைக் கம்பைல் செய்து ஓட்டிப் பார்க்கும், அது ஓடாது. உடனே ‘சி நிரல்களை ஓட்ட முடியவில்லை, கிராஸ் கம்பைல் செய்கிறீர்களா’ என்ற பொருளில் ஒரு செய்தி வரும். அதை நம்பி ஜிசிசி கம்பைலரை மறுபடி நிறுவ வேண்டாம். ‘கான்ஃபிக்.லாக்’ கோப்பைத் திறந்தால் உள்ளே ‘பெர்மிஷன் டினைட்’ உட்கார்ந்திருக்கும். மூல நிரலை வேறு டைரக்டரிக்கு மாற்றினால் முடிந்தது.

அடுத்தது, பழக்க தோஷத்தில் ‘சூடோ மேக்’ அடிப்பது. அந்த நேரத்துக்கு வேலை நடந்துவிடும். ஆனால் உருவான ஆப்ஜெக்ட் கோப்புகள் எல்லாம் ரூட்டின் பெயரில் இருக்கும். நாளைக்கு ஒரு வரியைத் திருத்திவிட்டுச் சாதாரணமாக மேக் அடித்தால், பழைய கோப்பின் மேல் எழுத முடியாமல் நின்றுவிடலாம். ‘சிஎச்ஓன்’ கொண்டு முழு டைரக்டரியையும் திரும்ப உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டியதுதான். மேக் அடிக்காமலேயே நேராக ‘சூடோ மேக் இன்ஸ்டால்’ போனாலும் இதே கதிதான். கட்டாததை அது ரூட்டாகவே கட்டிக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் ‘மேக் செக்’ என்ற சோதனையை ரூட்டாக ஓட்டவே முடியாது, ஏனென்றால் அந்த சர்வர் ரூட்டாக இயங்க மறுக்கும். எழுதியவர்கள் வேண்டுமென்றே வைத்த தடை அது, நல்ல தடை.

என்னைக் கேட்டால், கண்டுபிடிக்க மிகக் கடினமானது யூமாஸ்க் செய்யும் வேலை. புதிதாக உருவாகும் கோப்பிலிருந்தும் டைரக்டரியிலிருந்தும் எந்த அனுமதிகளைக் கழிக்க வேண்டும் என்று சொல்லும் எண் அது. வழக்கமாக 022. பாதுகாப்புக்காக ரூட்டுக்கு மட்டும் 077 வைத்திருக்கும் சர்வர்களும் உண்டு. அங்கே மேக் இன்ஸ்டால் அடித்தால் என்ன ஆகும்? நிரல் கோப்புகளை நிறுவும் ‘இன்ஸ்டால்’ கட்டளைக்கு 755 என்று வெளிப்படையாகவே சொல்லியிருப்பதால் யூமாஸ்க் அவற்றைத் தொடாது. ஆனால் அவை போய் உட்காரும் டைரக்டரிகளை உருவாக்குவது வெறும் ‘எம்கேடிர்’. அவை 700 ஆகப் பிறக்கும், ரூட்டுக்கு மட்டும் திறந்தபடி.

இப்போது போஸ்ட்கிரெஸ் பயனராக மாறி, டேட்டா டைரக்டரியைத் தயார் செய்யும் ‘இனிட்டிபி’யை ஓட்டினால் ‘பெர்மிஷன் டினைட்’. ரூட்டாகப் போய் அந்தக் கோப்பைப் பார்த்தால் 755, கச்சிதமாக இருக்கிறது. பிறகு ஏன்? பாதையில் உள்ள ஒவ்வொரு டைரக்டரியிலும் அந்த ஆளுக்கு ‘இயக்க’ அனுமதி வேண்டும். டைரக்டரியைப் பொறுத்தவரை அதன் பொருள் ‘உள்ளே நுழைய’. பீரோ சாவி கையில் இருந்தாலும் வாசல் கதவு பூட்டியிருந்தால் பீரோவைத் தொட முடியாது. இதற்கென்றே ‘நேம்ஐ’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. முழுப் பாதையைக் கொடுத்து ‘எல்’ விருப்பத்தோடு ரூட்டாக ஓட்டினால் வேரிலிருந்து கடைசிக் கோப்பு வரை வரிக்கு ஒன்றாக அனுமதிகளைக் காட்டும். யூஎஸ்ஆர், லோக்கல் இரண்டும் எல்லோருக்கும் திறந்திருக்க, அதற்கடுத்த ‘பிஜிஎஸ்கியூஎல்’ வரியில் மட்டும் ரூட்டைத் தவிர மற்றவர்களுக்கு வெறும் கோடுகளாக இருக்கும். குற்றவாளி அதுதான்.

வீட்டு டைரக்டரிக்குள் வலைத்தளக் கோப்புகளை வைத்துவிட்டு, என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் 403 (அணுகல் மறுப்பு) காட்டுகிறதே என்று முழிப்பவர்களின் சிக்கலும் இதேதான். உபுண்டு 21.04 முதல் புதிய பயனரின் வீட்டு டைரக்டரி 750 ஆகத்தான் உருவாகிறது. மூல நிரலிலிருந்து கட்டிய என்ஜின்எக்ஸில் பக்கங்களை எடுத்துத் தரும் வொர்க்கர்களோ, நாம் வேறு பெயர் சொல்லாவிட்டால், ‘நோபடி’ என்ற பயனராக ஓடும். அவற்றை நிர்வகிக்கும் மாஸ்டர் ரூட்டாக ஓடுவதால் கான்ஃபிக் கோப்பில் புகாரே வராது. முதல் பக்கத்தைக் கேட்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

இந்த இடத்தில் பலருடைய கை தானாக 777க்குப் போகும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லிடம் அது எடுபடாது. டேட்டா டைரக்டரி 0700 ஆக இருக்க வேண்டும். பதிப்பு 11 முதல் 0750ம் சரி. அதற்கு மேல் திறந்திருந்தால் சர்வர் கிளம்பவே கிளம்பாது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சும் எல்லோரும் படிக்கக்கூடிய தனிச்சாவியைத் தொடாது. 777 போட்டுச் சிக்கல் தீர்ந்தாலும், எந்த ஆளுக்கு எந்த டைரக்டரியில் வழி அடைபட்டிருந்தது என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

எல்லா அனுமதியும் சரி, நேம்ஐயும் சுத்தம், இன்னமும் மறுக்கிறது என்றால் ஃபெடோரா, ரெட்ஹேட் வகையில் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கைச் சந்தேகிக்கலாம். அது எண்களைப் பார்ப்பதில்லை, கோப்பில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்க்கிறது. வீட்டு டைரக்டரியில் கட்டிய நிரலை ‘எம்வி’யால் நகர்த்தினால் பழைய லேபிளும் கூடவே வரும், சர்வீஸ்களைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி அதை ஓட்ட முடியாமல் 203 என்று சொல்லி நிற்கும். ‘ரிஸ்டோர்கான்’ அடித்தால் லேபிள் சரியாகிவிடும்.

கோப்புக்குச் சம்பந்தமே இல்லாமல் அதே ‘பெர்மிஷன் டினைட்’ (கெர்னல் கணக்கில் 13ஆம் எண் பிழை) வரும் இடமும் உண்டு: 1024க்குக் கீழே உள்ள போர்ட்டை ரூட் அல்லாதவர் திறக்க முயன்றால். ‘செட்கேப்’ மூலம் அந்த ஒரு உரிமையை மட்டும் நிரலுக்குக் கொடுக்கலாம். அந்த உரிமை கோப்போடு ஒட்டிக்கொண்டிருப்பது. அடுத்த மேக் இன்ஸ்டால் பழைய கோப்பை நீக்கிப் புதியதை வைக்கும்போது அதுவும் போய்விடும். புதிய பதிப்பு 80ஆம் போர்ட்டில் ஏறாது. ஆகவே நிறுவும் ஸ்கிரிப்டின் கடைசி வரியில் செட்கேப்பையும் எழுதி வைத்துவிடுங்கள்.