ஃபுல் பேக்: சொல் விளக்கம்

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில், தன் அணியின் கோல் கம்பங்களுக்கு மிக அருகில் நின்று, எதிரணியின் தலைசிறந்த கோல் அடிப்பவரைத் தடுக்கும் ஆட்டக்காரரே ஃபுல் பேக். ஆங்கிலேயரின் பழைய கால்பந்து வழக்கில் பின்னே நின்று காப்பவர் 'பேக்' எனப்பட்டார். பாதித் தொலைவு பின்வாங்கி நின்றவர் 'ஹாஃப் பேக்', முழுவதும் பின்னே நின்றவர் 'ஃபுல் பேக்'. உலகக் கால்பந்தில் அப்பெயர் இன்று பக்கவாட்டுத் தடுப்பாட்டக்காரரைக் குறிக்கிறது. ஆஸ்திரேலிய ஆட்டத்திலோ பழம்பொருள் மாறவில்லை. அங்கே கோல்கீப்பரும் இல்லாததால், இவருக்குப் பின்னே கம்பங்கள் மட்டுமே.

அச்சொல்லின் முழுப் பொருளுக்கும் இலக்கணமாக நின்றவர் கார்ல்டன் அணியின் ஸ்டீபன் சில்வாக்னி. 1985 முதல் 2001 வரை 312 ஆட்டங்கள் ஆடிய அவர், 1987, 1995 ஆகிய ஆண்டுகளில் கோப்பை வென்ற அணியில் இருந்தார். அவருடைய தந்தை செர்ஜியோவும் கார்ல்டனுக்கே ஆடியவர். உயரப் பந்தைப் பிடிக்க எதிராளி கைகளை நீட்டும் கடைசி நொடியில், பின்னாலிருந்து பாய்ந்து, ஆளைத் தொடாமல் பந்தை மட்டும் கை முஷ்டியால் குத்தி விலக்குவது அவர் கைவந்த கலை. கோலுக்கு 6 புள்ளிகள். உதைத்த பந்தில் தடுப்பவரின் விரல்நுனி பட்டுவிட்டாலோ 1 புள்ளிதான். 1995 இறுதியாட்டத்தில், அந்த ஆண்டு நூறு கோல்களைக் கடந்திருந்த ஜீலாங் அணியின் கேரி ஆப்லெட்டை ஒரு கோல்கூட அடிக்கவிடாமல் அவர் கட்டிப்போட்டார். மறு ஆண்டு, ஆஸ்திரேலிய லீக்கின் நூறாண்டுச் சிறந்த ஆட்டக்காரர்களைத் தேர்ந்து அறிவித்த 'நூற்றாண்டு அணி'யில், ஆடிக்கொண்டிருக்கும்போதே, ஃபுல் பேக் இடம் அவருக்குக் கிடைத்தது. தடுப்பவரின் வெற்றி புள்ளிப்பலகையில் ஏறாது என்பதால், இந்தப் பெருமையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

தமிழில் 'பின்கள வீரர்' என்று எழுதுவது தவறன்று. ஆனால் அது பின்வரிசையினர் அனைவருக்கும் பொதுவானது. 'முழுப் பின்வீரர்' என்பதோ வெறும் சொல்லுக்குச் சொல். படையின் பின்வரிசைக்குப் புறநானூறு 'கூழை' என்ற சொல்லை ஆள்கிறது. அது பொருத்தமானதே என்றாலும், இன்றைய வாசகருக்கு உரை வேண்டியிருக்கும். கடைசியில் நிற்பதையும் காப்பதையும் ஒருங்கே உணர்த்தும் 'கடைக்காவலர்' என்பதையே நான் பரிந்துரைப்பேன். உலகக் கால்பந்தின் ஃபுல் பேக்குக்கு இச்சொல் பொருந்தாது. அவரைப் 'பக்கக் காவலர்' எனலாம்.