சதுப்பு, உளை, களர், கழி: கால் புதையும் நிலத்தின் சொற்கள்

சதுப்பு நிலம் என்றதும் சென்னைக்காரருக்குப் பள்ளிக்கரணை நினைவுக்கு வரும், சிதம்பரத்துக்காரருக்குப் பிச்சாவரம். முன்னதில் கோரையும் நாணலும், பின்னதில் உப்புநீரில் வேரூன்றி நிற்கும் மரங்கள். இரண்டையும் ஒரே பெயரால்தான் அழைக்கிறோம். ஆங்கிலத்தில் புல்லும் கோரையும் மண்டியிருந்தால் மார்ஷ், மரங்கள் நின்றால் ஸ்வாம்ப், மழைநீரை மட்டும் நம்பிப் பாசி படிந்து கிடந்தால் பாக். ஆங்கில–தமிழ் அகராதிகளைப் புரட்டினால் மூன்றுக்கும் பெரும்பாலும் சதுப்பு நிலம் என்றே இருக்கும். தமிழில் சொல்லுக்குப் பஞ்சம் என்று நினைத்துவிட வேண்டாம். என்ன செடி முளைக்கிறது என்று பார்ப்பதைவிட, காலை வைத்தால் என்ன ஆகும், நிற்பது நன்னீரா உப்புநீரா என்று பார்த்தே நம்மவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

சதுப்பு என்றால் நீர் ஊறிக் குழைந்து, மிதித்தால் அமுங்கும் மண். ‘சதசத’, ‘சொதசொத’ என்ற சொற்களோடு சேர்த்துச் சொல்லிப் பார்த்தால் மூன்றும் ஒரு குடும்பம் போலவே காதில் விழுகின்றன. மழை விட்டபின் தெருவில் கிடப்பது சகதி. வயலில் உழவன் வேண்டுமென்றே உண்டாக்குவது சேறு. தண்ணீரைக் கட்டி இரண்டு மூன்று சால் சேற்றுழவு ஓட்டினால் களை மடங்கி உரமாகும், தண்ணீரும் சட்டென்று கீழே இறங்காது. தென்மாவட்டங்களில் இதையே தொளி என்பார்கள். பழந்தமிழில் சேறு என்றால் இனிய சாறு என்றும் பொருள் உண்டு. ‘தீஞ்சேறு’ என்று படித்துவிட்டு முகம் சுளிக்கக் கூடாது.

சேற்றுக்கு அடுத்த படி உளை. மேலே பார்த்தால் ஏடு கட்டிக் காய்ந்த மாதிரி இருக்கும், கீழே ஆழமான குழம்பு. மேயப்போன மாடு இதில் இறங்கிவிட்டால் முன்னங்காலை உருவ முயலும்போதே பின்னங்கால் இன்னும் உள்ளே போகும். ஆட்கள் கூடிக் கயிறு போட்டுத்தான் இழுக்க வேண்டும். புதைசேறு என்பதும் இதுதான். புதைமணல் வேறு, அதில் களிமண்ணைவிட மணலே அதிகம்.

எனக்கு மிகவும் பிடித்த சொல் களர். குறளில் இது இரண்டு இடங்களில் இரண்டு பொருளில் வருகிறது. ‘பயவாக் களரனையர் கல்லா தவர்’ (406) என்னும்போது எதுவும் விளையாத நிலம். ‘காலாழ் களரில் நரியடும்’ (500) என்னும்போது காலை ஆழ இழுக்கும் சேற்று நிலம். வேல் வீரர்களுக்கே அஞ்சாத யானை அதில் சிக்கிவிட்டால் நரிகூடக் கொன்றுவிடும் என்கிறார் வள்ளுவர். சேற்றில் புதைந்த யானையைக் காக்கையும் கொத்தும் என்ற பழமொழியும் இதே பேச்சுதான். சரி, விளையாத நிலமும் புதையும் நிலமும் எப்படி ஒரே சொல்லில் அடங்கின? மண்ணைப் பார்த்தால் புரிந்துவிடும். வேளாண்மைத் துறை இன்றைக்கும் ‘களர் உவர் நிலம்’ என்று எழுதுகிறது. களர் மண்ணில் சோடியம் அதிகம். நனைந்தால் மண்துகள்கள் ஒட்டாமல் பிரிந்து கூழாகிவிடும், தண்ணீர் கீழே இறங்க வழியிருக்காது. காய்ந்தால் பாளமாக இறுகி, விதை முளை விடவே சிரமப்படும். அதனால்தான் ஜிப்சம் இட்டு, நல்ல தண்ணீர் கட்டி வடிக்கச் சொல்கிறார்கள். கோடையில் பார்த்தவனுக்கு அது தரிசு, மழையில் இறங்கியவனுக்குப் புதைசேறு. இரண்டு குறளும் ஒரே மண்ணின் இரண்டு பருவங்கள் என்றே எனக்குப் படுகிறது.

அளறு என்ற சொல்லுக்கும் சேறு என்றுதான் பொருள். ‘பூரியர்கள் ஆழும் அளறு’ (919) என்று வள்ளுவர் எழுதும்போது அது நரகமாகிவிடுகிறது. விழுந்தவன் எழ முடியாத இடம் என்பதால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் சேற்று நிலத்தைப் பழைய புலவர்கள் எல்லோரும் அச்சத்தோடு பார்க்கவில்லை. முத்தொள்ளாயிரத்தின் ‘அள்ளற் பழனத்து அரக்காம்பல் வாயவிழ’ பாட்டில், சேறு நிறைந்த வயலில் செவ்வாம்பல் மலர, தண்ணீர் தீப்பிடித்துவிட்டது என்று பதறிப் பறவைகள் சிறகால் குஞ்சுகளை மூடிக்கொள்கின்றன. அள்ளல் என்றால் சேறு. பழனம் என்பது நீர் நிறைந்த மருத நிலம்.

கடலோரத்துக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. கடல்நீர் உள்ளே ஏறி நிற்கும் இடம் கழி, உப்பங்கழி. ஆறு கடலில் கலக்கும் இடம் கழிமுகம். நீர் பரந்து தேங்கும் தாழ்ந்த வெளியைக் கழுவெளி என்பார்கள். மரக்காணம் பக்கத்துக் கழுவெளிக்கு அதுவே ஊரறிந்த பெயர், 2021இல் பறவைகள் சரணாலயமாகவும் ஆனது. பள்ளிக்கரணையையும் பழைய ஆட்கள் கழிவெளி என்றே சொல்வார்கள். ‘கழிவுநீர் வெளி’ என்று யாராவது பொருள் சொன்னால் நம்ப வேண்டாம். அங்கே பெருங்குடிக் குப்பைமேடு வந்து சேர்ந்ததற்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை.

கழியில் நிற்கும் மரக்காட்டைப் பாடநூல்கள் சதுப்புநிலக் காடு என்கின்றன, பலர் மாங்குரோவ் என்றே எழுதுகிறார்கள். நற்றிணையில் ‘கண்டல் வேலி’ வருகிறது. இலங்கைத் தமிழர்களும் மலையாளிகளும் இன்றும் கண்டல் என்றே சொல்கிறார்கள். நம்மூரில் அலையாத்தி என்ற பெயர் பரவியிருக்கிறது, அலையை ஆற்றுவது என்று பொருள். சிதம்பரத்துக்குப் பழைய பெயர் கொடுத்த தில்லையும் இந்த இன மரந்தான். அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். எனக்குக் கண்டல் போதும், சுருக்கமாகவும் இருக்கிறது.

இப்போது அதிகம் குழம்புவது ஈரநிலம் என்ற சொல்லில். 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை ஏரி, குளம், கழி, சதுப்பு, கடலோர ஆழமற்ற நீர் எல்லாவற்றையும் ஒரு குடைக்குள் கொண்டுவந்தது. அந்தக் குடைக்குத்தான் ஈரநிலம் என்று பெயர். 2022இல் பள்ளிக்கரணையோடு வேடந்தாங்கலும் கூந்தன்குளமும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. செய்திகளில் எல்லாமே ‘சதுப்பு நிலங்கள்’ ஆகிவிட்டன. வேடந்தாங்கல் பாசனத்துக்கு வெட்டிய ஏரி. அதைச் சதுப்பு என்றால் அந்த ஊர் விவசாயி சிரிப்பார். சதுப்பு எல்லாம் ஈரநிலம், ஈரநிலம் எல்லாம் சதுப்பு ஆகாது. மார்ஷைச் சதுப்பு என்றும் ஸ்வாம்பைச் சதுப்புக்காடு என்றும் எழுதினால் பாதிக் குழப்பம் தீரும்.

சதுப்பிலிருந்து கிளம்பிய இன்னொரு பெயர் கொள்ளிவாய்ப் பிசாசு. இரவில் சதுப்பின் மேல் தெரியும் ஒளிக்கு அந்தப் பெயர், சேற்று வாயு எரிவதுதான் அது என்று சொல்வார்கள். இலைதழை காற்றில்லாமல் அழுகும்போது சேற்றுக்குள் எரிவாயு உண்டாகும். 1776இல் இத்தாலியின் மாஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் கிளறி விஞ்ஞானி வோல்டா பிடித்து எரித்துப் பார்த்தது இதைத்தான். அதுதான் மீத்தேன். பழைய வேதியியல் பாடங்களில் சதுப்புநில வாயு.

அப்புறம் உருவகம். அமெரிக்க அரசியலில் ஊழலை ஒழிப்போம் என்ற பொருளில் ‘சதுப்பை வடிப்போம்’ என்பது பழகிப்போன முழக்கம், 2016 தேர்தலில் டிரம்ப் ஓயாமல் சொன்னது. அப்படியே மொழிபெயர்த்தால் நம்மூர் வாசகருக்கு ஏதோ வடிகால் திட்டம் என்றுதான் தோன்றும். தமிழில் அரசியலுக்குச் சொல்வது சாக்கடை. அவதூறு பேசினால் சேற்றை வாரி இறைப்பது. சதுப்பு என்ற சொல் மட்டும் இன்னும் வசைக்குப் போகாமல் நிலத்தோடே நிற்கிறது.