மலையாக்கம்: சொல் விளக்கம்

நிலத்தின் மேலோடு பக்கவாட்டில் நெருக்கப்பட்டு மலைத்தொடராக எழும் நிகழ்வை நிலவியலில் 'ஓரோஜெனி' என்பார்கள். கிரேக்கத்தில் 'ஓரோஸ்' என்றால் மலை, 'ஜெனெசிஸ்' என்றால் பிறப்பு. கண்டத்தின் பெரும்பரப்பு மெல்ல உயர்ந்து தாழ்வது வேறு, மலைத்தொடர் எழுவது வேறு என்று அமெரிக்க நிலவியலாளர் கில்பர்ட் 1890இல் பிரித்துக் காட்டியபோது இரண்டாவதற்கு இந்தப் பெயரைப் பயன்படுத்தினார்.

தமிழில் இதை 'மலையாக்கம்' என்கிறோம்; 'மலைத்தோற்றம்' என்றும் எழுதலாம். ஆனால் தோற்றம் என்பது பிறப்பையும் குறிக்கும், கண்ணுக்குத் தெரியும் வடிவத்தையும் குறிக்கும். 'இமயத்தின் மலைத்தோற்றம்' என்று படித்தால் படம் பார்ப்பது போலத்தான் இருக்கிறது. மலையாக்கம் என்பதே தெளிவு. மலையாக்கக் காலம், மலையாக்க வலயம் என்று அடுத்தடுத்த சொற்களும் எளிதாகக் கிடைக்கின்றன.

இமயத்தையே எடுத்துக்கொள்வோம். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் மேற்பரப்பில் நகரும் பெரும் பாறைத் துண்டுகளில் ஒன்றான இந்தியத் தட்டு யூரேசியத் தட்டில் மோத, இடையே இருந்த டெத்திஸ் கடல் மூடிக்கொண்டது. கடலடிப் படிவுகள் நெருக்கத்தில் வளைந்தன. இது மடிப்பு. எவரெஸ்ட் உச்சியின் சுண்ணாம்புப் பாறையில் கடல் உயிர்களின் புதைபடிவங்கள் இருப்பதும் இந்த எழுச்சியால்தான். வளைந்து தாங்காத இடங்களில் பாறை உடைந்து, ஒரு பகுதி இன்னொன்றின் மேல் ஏறியது. இதைப் 'பிளவு' என்று மட்டும் எழுதினால் போதாது, வெறும் விரிசலும் பிளவுதானே! இருபுறப் பாறையும் இடம் மாறியிருக்க வேண்டும். அதனால் 'பிளவுப்பெயர்ச்சி' என்பதே சரி.

மடிப்பும் பெயர்ச்சியும் சேர்ந்து நிலத்தின் அகலத்தைக் குறைக்கின்றன. இதுதான் மேலோட்டுக் குறுக்கம். அகலத்தில் குறைந்தது தடிமனில் கூடுகிறது. கண்ட மேலோடு பொதுவாக 35 முதல் 40 கிலோமீட்டர் தடிமன் என்றால், திபெத்துக்கு அடியில் அது சுமார் 70 கிலோமீட்டர். இன்றும் இமயப் பகுதி ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் குறுகுகிறது. அந்த இறுக்கம் திடீரென விடுபட்டதுதான் 2015 நேபாள நிலநடுக்கம்.

மலை என்றாலே மலையாக்கம் என்று எழுதிவிடக் கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலை இமயம் போல மோதலில் எழுந்ததல்ல. மடகாஸ்கரும் பின்னர் சேஷெல்ஸும் பிரிந்துபோன பிறகு, இந்தியாவின் மேற்கு விளிம்பு உயர்ந்தும் அரிக்கப்பட்டும் உருவான சரிவு அது. நீலகிரியின் சார்னகைட் பாறை மட்டும் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் மேலோட்டின் ஆழத்தில் உருவானது. அந்தப் பாறையின் வரலாற்றில் பழைய மலையாக்கத்தைப் பற்றிப் பேசலாம். தொட்டபெட்டாவின் இன்றைய உயரத்துக்கு அதைக் காரணமாகச் சொல்வது தவறு.